குறுக்கேற்றம் எதற்கு? நாம் சொல்லித் தரும் விடை பாதிதான்

‘மியாசிஸில் குறுக்கேற்றத்தின் முக்கியத்துவம் யாது?’ இனச்செல்கள் உருவாகும்போது செல் இரண்டு முறை பிரிவதுதான் மியாசிஸ். உயிரியல் படித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்லிவிடுவார்கள். ஒத்த குரோமோசோம்களுக்கு (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் ஜோடிக்கு) இடையே மரபணுக்கள் இடம் மாறுகின்றன, சந்ததிகளில் வேறுபாடு உண்டாகிறது, பரிணாமத்துக்கு அது மூலப்பொருள். விடை சரிதான், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனாலும் இந்த விடையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆயிரம் தலைமுறைக்குப் பிறகு இனத்துக்குக் கிடைக்கப்போகும் நன்மையை ஒரு செல் அறியாது. அப்படியிருக்க, தன் டிஎன்ஏவைத் தானே நூற்றுக்கணக்கான இடங்களில் துண்டித்துக்கொள்ளும் அளவுக்கு ஆபத்தான வேலையில் ஏன் இறங்க வேண்டும்? வெட்டிய இடத்தை ஒட்டத் தவறினால் செல்லே செத்துப்போகும். இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டுமென்றால், அந்தச் செல்லுக்கே, அந்தப் பிரிவிலேயே, உடனடியாக ஒரு தேவை இருந்தாக வேண்டும். இருக்கிறது. குறுக்கேற்றம் இல்லாவிட்டால் பெரும்பாலான உயிர்களில் குரோமோசோம்களைச் சரியாகப் பங்கிடவே முடியாது. பாடநூல் முன்வைக்கும் வேறுபாடு பின்னால் வருவது. முதலில் வருவது ஜோடியைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு.

இதைக் கண்ணால் காட்டக்கூடியது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற 1 மில்லிமீட்டர் உருளைப்புழு. உடல் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும், அதில் 6 ஜோடிக் குரோமோசோம்கள். கருவுறத் தயாராகும் முட்டைச் செல்லில் டிஎன்ஏவுக்குச் சாயமேற்றிப் பார்த்தால் தனித்தனியாக 6 பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டும் ஒரு ஜோடி. டிஎன்ஏவை வெட்டும் ஸ்போ11 என்ற நொதி இல்லாத புழுவில் அதே கட்டத்தைப் பார்த்தால் 12 பொட்டுகள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் புழுவில் வெட்டு விழாவிட்டாலும் ஒத்த குரோமோசோம்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்து, முழு நீளத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கின்றன. சந்திப்பு நடந்துவிட்டது. ஆனால் ஒட்டி நிறுத்திய புரதம் கழன்றதும் இரண்டும் தனித்தனியே போய்விடுகின்றன. முட்டைகள் பெரும்பாலும் பொரிவதில்லை. 1998இல் இந்தப் புழுக்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, நொதி செய்யாத வெட்டுகளைக் கதிர்வீச்சால் உண்டாக்கிப் பார்த்தார்கள். ஜோடிகள் மறுபடி இணைந்து நின்றன, பொரியும் முட்டைகளும் கூடின. வேறுபாடு வேண்டும் என்பதற்காக அந்தப் புழு எதையும் இழக்கவில்லை. கட்டு இல்லாததால் அதே தலைமுறையில் முட்டைகளை இழந்தது.

பாதி விடை நிலைத்துப்போனதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. மரபியலாளர்கள் மார்கனும் ஸ்டர்டிவண்டும் குறுக்கேற்றத்தைக் கண்டது பழ ஈயின் குஞ்சுகளை எண்ணி. எந்தப் பண்பு எதோடு சேர்ந்து வருகிறது, எத்தனை சதவீதம் பிரிந்து வருகிறது என்ற கணக்கில்தான் அது முதலில் பிடிபட்டது. 1913இல் ஸ்டர்டிவண்ட் வரைந்த முதல் மரபணு வரைபடமும் அந்தக் கணக்குதான். 1931இல் மக்காச்சோளத்தில் கிரைட்டனும் மெக்லின்டாக்கும் குரோமோசோம் துண்டுகளே இடம் மாறுவதை நிரூபித்தார்கள். ஆக, ‘பரிமாற்றம்’ முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது. குரோமோசோம் ஜோடியைப் பிடித்து வைத்திருப்பதே கயாஸ்மாதான் (குறுக்கேற்றம் நடந்த இடத்தில் தெரியும் குறுக்குப் புள்ளி) என்று 1930களில் டார்லிங்டன் வாதாடினார். அது செல்லியல் படிப்பவர்களோடு நின்றுவிட்டது, தேர்வுத்தாளுக்கு வந்து சேரவில்லை.

பிறவிக் கட்டும் பிறகு போடும் கட்டும்

எண்ணிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். டிஎன்ஏ இரட்டித்த பிறகு மனிதச் செல்லில் குரோமோசோம்கள் 46, குரோமாட்டிட்கள் (இரட்டித்த குரோமோசோமின் இரு பிரதிகள்) 92. முதல் பிரிவு முடிந்ததும் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் 23, குரோமாட்டிட்கள் 46. இடையில் டிஎன்ஏ இரட்டிப்பு கிடையாது. இரண்டாம் பிரிவு முடிந்ததும் 23 குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் ஒற்றை இழை. குரோமாட்டிட்டை எண்ணாமல், அவை இணைந்திருக்கும் இடமான சென்ட்ரோமியரை எண்ணினால் தடுமாற்றமே வராது. எண்ணிக்கை குறைவது முதல் பிரிவில். இரண்டாம் பிரிவு இயந்திர ரீதியில் மைட்டாசிஸை, அதாவது சாதாரண உடற்செல் பிரிவைப் போன்றது, அதில் புதுமை குறைவு.

மைட்டாசிஸில் பிரிய வேண்டியவை ஒரே குரோமோசோமின் இரு பிரதிகளான சகோதரி குரோமாட்டிட்கள். டிஎன்ஏ இரட்டிக்கும்போதே கோஹீசின் என்ற வளைய வடிவப் புரதம் அவற்றைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது, பிறக்கும்போதே இணைந்து பிறக்கின்றன. முதல் மியாட்டிக் பிரிவில் பிரிய வேண்டியவை வேறு. தாயிடமிருந்து வந்த 7ஆம் குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்த 7ஆம் குரோமோசோமும் அதுவரை ஒன்றையொன்று தொட்டதுகூட இல்லை என்று சொல்லலாம், உட்கருவில் எங்கெங்கோ கிடக்கும். பிறவிக் கட்டு இல்லாத இரண்டை, ஒன்று இந்தப் பக்கம் மற்றது அந்தப் பக்கம் என்று பிழையில்லாமல் அனுப்ப வேண்டும். முதலில் சேர்த்துக் கட்டாமல் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. மியாசிஸ் ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறது என்பதற்கு விடை இந்த ஒரு சிக்கலில் இருக்கிறது.

கட்டும் வேலை முதல் பிரிவின் தொடக்கக் கட்டமான லெப்டோட்டீனில் தொடங்குகிறது. ஸ்போ11 டிஎன்ஏவின் இரு இழைகளையும் சேர்த்து வெட்டுகிறது. மனிதச் செல் ஒன்றில் இப்படிச் சுமார் 200 வெட்டுகள். வெட்டிய முனைகளில் ஒரு இழை அரிக்கப்பட, மற்ற இழை வால் போல் நீண்டு நிற்கிறது. ராட்51, டிஎம்சி1 என்ற புரதங்கள் அந்த வாலைப் போர்த்திக்கொண்டு தனக்குப் பொருந்தும் வரிசையைத் தேடுகின்றன. சாதாரண உடற்செல்லாக இருந்தால் பக்கத்திலேயே இருக்கும் சகோதரியைப் பார்த்துப் பழுதை ஒட்டிவிடும், அதுதான் சுலபம். மியாசிஸில் அந்தச் சுலபமான வழிக்குத் தடை போடப்படுகிறது. சகோதரியைக் கொண்டு ஒட்டினால் வெட்டு ஆறிவிடும், ஜோடி உருவாகாது. ஆகவே தொலைவில் இருக்கும் ஒத்த குரோமோசோமைத் தேட வேண்டியதாகிறது. தேடலுக்கு உதவியாகக் குரோமோசோம் முனைகள் உட்கரு உறையில் ஒட்டிக்கொள்ள, உறைக்கு வெளியே இருக்கும் இயக்கப் புரதங்கள் அந்த முனைகளை இழுத்து அலைக்கழிக்கின்றன. உயிருள்ள செல்லில் பார்த்தால் குரோமோசோம்கள் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். தவறான ஜோடியோடு சிக்கியவை இந்த உலுக்கலில் விடுபடுகின்றன.

அடுத்த கட்டமான சைக்கோட்டீனில் ஜோடி கூடியதும் இரண்டுக்கும் நடுவே ஏணி போன்ற புரத அமைப்பு ஒன்று உருவாகிறது. இதுதான் சினாப்டோனீமல் தொகுப்பு. இரு பக்கக் கம்பங்களுக்கும் இடைவெளி சுமார் 100 நானோமீட்டர். அதற்கடுத்த பாக்கிடீனில் முழு நீளத்துக்கும் பூட்டியாயிற்று. 200 வெட்டுகளில் குறுக்கேற்றமாக முடிபவை ஆணில் சுமார் 50, பெண்ணில் சுமார் 70. மீதியெல்லாம் பக்கத்துப் பகுதிகள் இடம் மாறாமல் ஒட்டப்படுகின்றன. எது குறுக்கேற்றமாக வேண்டும் என்பது தற்செயலுக்கு விடப்படவில்லை. ஒரு கணக்குப் போட்டால் இது புரியும். 50 குறுக்கேற்றங்களைக் குரோமோசோம்களின் நீளத்துக்கு ஏற்பக் கண்ணை மூடிக்கொண்டு தூவினால், மொத்த டிஎன்ஏவில் சுமார் 1.5 சதவீதமே உள்ள 21ஆம் குரோமோசோமுக்குச் சராசரியாக முக்கால் பங்கு கிடைக்கும். ஏறக்குறைய பாதிச் செல்களில் அதற்கு ஒன்றுகூட விழாது. அப்படி நடந்தால் மனித இனம் மிஞ்சியிருக்காது. நடப்பது வேறு: ஒரு குறுக்கேற்றம் முடிவான இடத்துக்கு அருகில் இன்னொன்று வருவது தடுக்கப்படுகிறது, ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது ஒன்று உறுதி செய்யப்படுகிறது. வேறுபாடு மட்டுமே நோக்கமாக இருந்தால் எங்கே எத்தனை விழுந்தால் என்ன? ‘ஜோடிக்கு ஒன்றாவது கட்டாயம்’ என்ற விதியே இதன் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இன்னும் துல்லியமான சாட்சி எக்ஸ், ஒய் குரோமோசோம்கள். இரண்டும் பெரும்பகுதி ஒத்துப்போகாதவை. முனையில் சுமார் 27 லட்சம் கார இணைகள் நீளமுள்ள ஒரு துண்டுதான் முக்கியமான பொதுப்பகுதி. ஆணின் விந்துத் தாய்ச் செல் ஒவ்வொன்றிலும் அந்தச் சிறிய துண்டுக்குள் ஒரு குறுக்கேற்றம் நடந்தாக வேண்டும். தவறினால் எக்ஸும் ஒய்யும் ஒரே விந்தணுவில் போய்ச் சேரலாம். அது கருவுற்றால் எக்ஸ்எக்ஸ்ஒய், அதாவது கிளைன்ஃபெல்டர் நிலை.

எது பிடித்து வைத்திருக்கிறது?

பாடநூல் படத்தில் இரு நிறக் குரோமோசோம்கள் நுனியைப் பரிமாறிக்கொண்டு, பெருக்கல் குறி போல நிற்கும். அந்தக் குறுக்குப் புள்ளிதான் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். அப்படி இல்லை, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தாய்வழிக் குரோமாட்டிட்கள் த1, த2. தந்தைவழியினவை ப1, ப2. த1க்கும் ப1க்கும் இடையே குறுக்கேற்றம் நடக்கிறது. இப்போது தாய்வழி சென்ட்ரோமியரில் தொடங்கும் ஒரு குரோமாட்டிட்டின் நுனிப்பகுதி தந்தைவழித் துண்டு. அந்த நுனித்துண்டு பிறக்கும்போதே ப2இன் நுனியோடு கோஹீசினால் கட்டப்பட்டது. ப2இன் சென்ட்ரோமியரோ எதிர்ப்பக்கம் இருக்கிறது. அதே போல் ப1இல் ஏறிய தாய்வழி நுனி த2வோடு கட்டுண்டு கிடக்கிறது. ஆக, இரண்டு குரோமோசோம்களையும் இணைத்துப் பிடிப்பது குறுக்குப் புள்ளிக்கும் நுனிக்கும் இடையே உள்ள சகோதரிக் கட்டு. குறுக்கேற்றம் செய்த உதவி, அந்தக் கட்டின் இரு முனைகளையும் எதிரெதிர் சென்ட்ரோமியர்களோடு சேர்த்ததுதான். குறுக்குப் புள்ளி நுனிக்கு மிக அருகில் விழுந்தால், அதற்கு அப்பால் இருக்கும் கோஹீசின் கொஞ்சம், பிடிப்பும் கொஞ்சம். நுனியோரக் கோஹீசின் கழன்றுபோனால் குறுக்கேற்றம் நடந்திருந்தும் ஜோடி பிரிந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முட்டைச் செல்லின் கதை முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

பாக்கிடீனை அடுத்து வரும் டிப்ளோட்டீனில் சினாப்டோனீமல் ஏணி கழன்றுவிடுகிறது. அதன் பிறகு ஜோடியை வைத்திருப்பது இந்தக் கட்டு ஒன்றுதான். ஜோடிகள் செல்லின் நடுவில் அணிவகுக்கும் மெட்டாஃபேஸில், குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகள் வந்து சென்ட்ரோமியரில் உள்ள பிடிமானங்களான கைனிட்டோகோர்களைப் பற்றுகின்றன. முதல் பிரிவுக்கென ஒரு தனி ஏற்பாடு இங்கே உண்டு: சகோதரிகளின் இரு கைனிட்டோகோர்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். இழைகள் எந்தத் துருவத்திலிருந்து வந்து யாரைப் பற்றுகின்றன என்பதில் திட்டம் ஏதும் இல்லை. தாய்வழி, தந்தைவழி இரண்டையும் ஒரே துருவத்து இழைகள் பிடித்துக்கொள்வது சகஜம். அது தவறு என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

இதற்கு விடை தந்தது வெட்டுக்கிளி. புரூஸ் நிக்லஸ், 1960களின் இறுதியில், வெட்டுக்கிளியின் உயிருள்ள விந்துத் தாய்ச் செல்லுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியைச் செலுத்தி ஒரு ஜோடியைக் கதிர்கோலிலிருந்து பிரித்தெடுத்தார். திரும்ப ஒட்டும்போது இரண்டு கைனிட்டோகோர்களும் ஒரே துருவத்தை நோக்கி ஒட்டும்படி வைத்தார். சும்மா விட்டுவிட்டால் அந்தத் தவறான பிடி விரைவில் நழுவி, மறுபடி ஒட்டி, கடைசியில் சரியாகிவிடும். ஆனால் ஊசியால் அந்த ஜோடியை எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால், தவறான பிடி நழுவாமல் அப்படியே நிலைத்தது. செல் திசையைப் பார்ப்பதில்லை, இழுவிசையைப் பார்க்கிறது. கயிறிழுக்கும் போட்டியில் எதிரணி இழுத்தால்தான் கயிறு விறைக்கும், இரண்டு அணியும் ஒரே பக்கம் நின்றால் கயிறு துவண்டு கிடக்கும். துவண்ட பிடியை அரோரா பி என்ற நொதி கழற்றிவிடுகிறது, விறைத்த பிடியை விட்டுவைக்கிறது. 1995இல் லீயும் நிக்லஸும் கும்பிடுபூச்சியின் செல்லில், ஜோடி சேராமல் தனித்து நின்று பிரிவையே தாமதப்படுத்திக்கொண்டிருந்த ஒரு குரோமோசோமை ஊசியால் இழுத்தார்கள். இழுவிசை கிடைத்ததும் செல், குரோமோசோம்கள் துருவங்களுக்குப் பிரியும் அனாஃபேஸுக்குள் நுழைந்தது. குறுக்கேற்றம் இல்லாத ஜோடியில் கயிறே கிடையாது. இழுத்தால் விறைக்க ஒன்றும் இல்லாததால், சரியாக நிற்கிறோமா என்று அறிய அதற்கு வழியே இல்லை. மியாசிஸ் முழுவதிலும் ஒரே ஒரு இடத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அவிழ்ப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அனாஃபேஸ் தொடங்கும்போது செப்பரேஸ் என்ற நொதி கோஹீசினை வெட்டுகிறது. மியாசிஸுக்கென்றே உள்ள ரெக்8 என்ற கோஹீசின் பாகம்தான் அதன் இலக்கு. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டினால் சகோதரிகளும் பிரிந்து, இரண்டாம் பிரிவில் எது எங்கே போவது என்பது குருட்டாம்போக்காகிவிடும். அதனால் சென்ட்ரோமியர் பக்கத்துக் கோஹீசினுக்குக் காவல் போடப்படுகிறது. அந்தக் காவலாளி ஷுகோஷின் என்ற புரதம், 2004இல் வடனபே குழு அடையாளம் கண்டு பெயர் வைத்தது. அது ஒரு பாஸ்படேஸ் நொதியை அழைத்துவந்து ரெக்8இன் மீதுள்ள பாஸ்பேட்டை நீக்குகிறது. பாஸ்பேட் இல்லாத ரெக்8ஐ செப்பரேஸ் வெட்டுவதில்லை. கரங்களில் கட்டு அறுகிறது, சென்ட்ரோமியரில் நிற்கிறது. இரண்டாம் பிரிவில் அந்த மிச்சமும் அறுகிறது. அங்கேயும் தவறு நடக்கும். ஒய்யின் இரு சகோதரிகளும் பிரியாமல் ஒரே விந்தணுவில் சேர்ந்தால் பிறக்கும் குழந்தை எக்ஸ்ஒய்ஒய். தந்தையின் முதல் பிரிவில் எந்தப் பிழை நடந்தாலும் இரண்டு ஒய் ஒன்று சேர வழியில்லை என்பதால், பிழை எங்கே நடந்தது என்பதைக் குழந்தையின் குரோமோசோம்களே சொல்லிவிடுகின்றன.

வெங்காயப் பூமொட்டில் பார்க்க

கயாஸ்மாவை நேரில் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், வெங்காயப் பூங்கொத்தும் சாதாரண நுண்ணோக்கியும் போதும். வெங்காயத்தில் 16 குரோமோசோம்கள், 8 ஜோடிகள், அளவில் பெரியவை. கொத்து உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் பருவத்தில் எடுக்க வேண்டும். மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அடர் அசிட்டிக் அமிலமும் கலந்த கார்னாய் கரைசலில் 24 மணி நேரம் ஊறவிட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நாள்பட்டால் ஆல்கஹாலும் அமிலமும் வினைபுரிந்து எஸ்டராகிவிடும், அதில் போட்ட மொட்டில் குரோமோசோம்கள் தெளிவாக நிற்காது. மொட்டிலிருந்து ஒரு மகரந்தப்பையை மட்டும் எடுத்து, ஒரு துளி அசிட்டோகார்மின் சாயத்தில் வைத்து, இரும்பு ஊசியால் தட்டி நசுக்க வேண்டும். ஊசியிலிருந்து கரையும் இரும்பு சாயத்தை அடர்த்தியாக்கும். மகரந்தப்பைச் சுவரின் சக்கைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கண்ணாடி வில்லையை மூடி, சுடரின் மேல் இரண்டு மூன்று முறை காட்டிச் சூடேற்ற வேண்டும். கொதித்தால் குமிழி வந்து எல்லாம் பாழ். பிறகு மையொற்றுத் தாளுக்கு இடையில் வைத்துக் கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்த வேண்டும். வில்லை கொஞ்சம் நகர்ந்தாலும் செல்கள் உருண்டு திரிந்துவிடும்.

பெரும்பாலான வகுப்புகளில் இந்தச் சோதனை தோற்பது சாயத்தால் இல்லை, மொட்டின் வயதால். மகரந்தப்பை மஞ்சளாகிவிட்டால் மியாசிஸ் முடிந்துவிட்டது, உள்ளே மகரந்தத் துகள்கள்தான் இருக்கும். நான்கு நான்காகச் சேர்ந்த செல்கள் தெரிந்தால் அதைவிடச் சற்றுச் சிறிய மொட்டுக்குப் போக வேண்டும். மங்கலான நூல் பந்து மட்டும் தெரிந்தால் சற்றுப் பெரியதற்கு. ஒரு மொட்டின் பைகள் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் இருக்கும் என்பதால் ஒன்றை நசுக்கிப் பார்த்தாலே மற்றவற்றின் நிலை தெரிந்துவிடும், சரியான மொட்டு கிடைத்தால் மீதிப் பைகளைப் பத்திரப்படுத்தலாம். டிப்ளோட்டீனுக்கு அடுத்த கட்டமான டயாகைனசிஸில் இருக்கும் செல் கிடைத்தால் 8 உருவங்களை எண்ண முடியும். வளையமாகத் தெரிவதில் இரண்டு கரங்களிலும் கயாஸ்மா, கோலாகத் தெரிவதில் ஒரு கரத்தில் மட்டும். ஜோடியே இல்லாமல் தனித்துக் கிடக்கும் குரோமோசோம் அரிதாகவே கண்ணில் படும். அதை எண்ணிப் பார்க்கச் சொன்னால் ‘ஜோடிக்கு ஒன்று கட்டாயம்’ என்ற விதியை மாணவர் தானாகவே கண்டுபிடித்துவிடுவார். வெங்காயத்தின் உறவான ஆலியம் ஃபிஸ்டுலோசம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் கயாஸ்மாக்கள் சென்ட்ரோமியரை ஒட்டியே குவிந்திருக்கும், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உருவங்களே வேறாக இருக்கும்.

பல ஆண்டுகள் காத்திருக்கும் கட்டு

பெண்ணுக்கு மியாசிஸ் அவள் பிறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கருவாகத் தாயின் வயிற்றில் இருக்கும் 11, 12ஆம் வாரங்களில் முட்டைத் தாய்ச் செல்கள் முதல் பிரிவுக்குள் நுழைகின்றன. 20ஆம் வாரத்தில் 60 முதல் 70 லட்சம் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்படையும்போது 3 முதல் 4 லட்சம், வாழ்நாளில் வெளியாவது சுமார் 400. குறுக்கேற்றங்கள் எல்லாம் கருப்பையிலேயே முடிந்து, டிப்ளோட்டீன் கட்டத்தில் செல் நின்றுவிடுகிறது. அந்த முட்டை வெளியாகும் மாதத்தில், முட்டை வெளியாகத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் உயர்ந்த பிறகுதான் முதல் பிரிவு நிறைவேறும். சில முட்டைகளுக்கு அந்த இடைவெளி 12 ஆண்டுகள், சிலவற்றுக்கு 45. ஆணில் இப்படிக் காத்திருப்பு இல்லை: பூப்படைந்த பிறகு தொடர்ந்து நடக்கிறது, முதல் பிரிவின் தொடக்க நிலையான புரோஃபேஸ் (லெப்டோட்டீன் முதல் டயாகைனசிஸ் வரை) சுமார் 24 நாள், தொடக்கத்திலிருந்து விந்தணுவாக முடிய மொத்தம் சுமார் 74 நாள்.

இத்தனை ஆண்டுகளும் ஜோடியைப் பிடித்து வைத்திருப்பது கருவாக இருந்தபோது போட்ட கோஹீசின்தான். எலிகளில் நடந்த ஆய்வுகள், 2010இல் வெளியானவை, வளரும் முட்டையில் ரெக்8 புதிதாக மாற்றப்படுவதாகத் தெரியவில்லை என்று காட்டின. வயதான எலியின் முட்டையில் குரோமோசோம்களின் மீதுள்ள கோஹீசினும் ஷுகோஷினும் குறைந்திருந்தன, சகோதரி சென்ட்ரோமியர்கள் விலகி நின்றன. நுனியோரக் கட்டுத் தளர்ந்தால் ஜோடி பிரிகிறது. சென்ட்ரோமியர்க் கட்டுத் தளர்ந்தால் சகோதரிகள் முன்கூட்டியே பிரிகின்றன. இதோடு மனித முட்டையின் கதிர்கோலும் நிதானமானது. அதற்கு, இழைகளை ஒழுங்குபடுத்தும் மையங்களான சென்ட்ரோசோம்கள் கிடையாது, உருவாகி முடிய சுமார் 16 மணி நேரம் ஆகிறது, அதற்குள் பலமுறை தடுமாறுகிறது. ஒன்றிரண்டு குரோமோசோம்கள் ஒழுங்காக நிற்காவிட்டாலும் பிரிவை நிறுத்திவைக்கும் கண்டிப்பு விந்துச் செல்லில் இருக்கும் அளவுக்கு முட்டையில் இல்லை.

21ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் டவுன் நோய்க்குறியில் கூடுதல் பிரதி சுமார் 90 சதவீதம் முட்டையிலிருந்து வருவதும், தாயின் வயது 20 என்றால் சுமார் 1,500 பிறப்புக்கு ஒன்று, 35இல் சுமார் 350க்கு ஒன்று, 40இல் சுமார் 100க்கு ஒன்று, 45இல் சுமார் 30க்கு ஒன்று என்று உயர்வதும் இதனால்தான். ஆனால் வயதை மட்டும் குற்றம் சாட்டுவது பாதிக் கதை. அந்தக் கூடுதல் பிரதியை ஆராய்ந்தபோது குறுக்கேற்றத்தின் இடமும் கையும் களவுமாகப் பிடிபட்டது. முதல் பிரிவில் தவறியவற்றில் பல ஜோடிகளில் குறுக்கேற்றமே இல்லை, அல்லது நுனிக்கு மிக அருகில் ஒன்று மட்டும். இரண்டாம் பிரிவில் தவறியதாகக் கணக்கிடப்பட்டவற்றில் அது சென்ட்ரோமியரை ஒட்டி விழுந்திருந்தது. காவலில் உள்ள கோஹீசின் பகுதிக்குள் கட்டுச் சிக்கிக்கொண்டால் முதல் பிரிவில் அவிழ வேண்டியது அவிழாது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆக, இடறும் வாய்ப்புள்ள ஜோடி கருப்பையிலேயே அமைந்துவிடுகிறது. இளம் வயதில் நல்ல கோஹீசின் அதைச் சமாளிக்கிறது, பிறகு முடிவதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புவதற்குக் காரணம் உண்டு. முதல் மூன்று மாதத்தில் கரு கலைந்தால், அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள், எதைத் தூக்கினாள், எங்கே போனாள் என்று காரணம் தேடுகிறார்கள், அவளும் தேடுகிறாள். அந்தக் காலத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் எண்ணிக்கையே தவறியிருக்கிறது. அவற்றில் அடிக்கடி காணப்படுவது 16ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் பிழை, அது எல்லாச் செல்களிலும் இருந்தால் குழந்தை பிறப்பதே இல்லை. இப்படிக் கலைந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான முட்டையின் கட்டு, அவள் பிறக்கும் முன்பே போடப்பட்டது. போன வாரம் அவள் செய்த எதற்கும் அதில் பங்கில்லை. இதைச் சொல்ல முடிவதற்காகவாவது குறுக்கேற்றத்தின் மறுபாதி விடை வகுப்பறைக்கு வர வேண்டும்.

பரிமாற்றம் இல்லாமல் கட்டு

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சான்று ஆண் பழ ஈ. அதில் குறுக்கேற்றம் கிடையாது, சினாப்டோனீமல் தொகுப்பும் கிடையாது. ஆனாலும் நான்கு ஜோடிகளும் ஒழுங்காகப் பிரிகின்றன. குறுக்கேற்றம் இல்லாமல் பிரிவு நடக்காது என்றால் இது எப்படி? அருகில் போய்ப் பார்த்தால் இந்தச் சான்று வாதத்தை வலுவாக்குகிறது. எஸ்என்எம், எம்என்எம் என்ற இரு புரதங்கள் ஒத்த குரோமோசோம்களை அனாஃபேஸ் வரை ஒட்டிப் பிடிக்கின்றன. எக்ஸும் ஒய்யும் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் இணைகின்றன. இந்தப் புரதங்களில் ஒன்றை நீக்கினால் ஜோடிகள் கலைந்து, ஸ்போ11 இல்லாத புழுவில் நடந்த அதே குழப்பம் நடக்கிறது. பரிமாற்றத்தை விட்டுவிட்ட ஈயால் கட்டை விட முடியவில்லை.

பெண் பட்டுப்பூச்சி வேறு வழியில் போகிறது. அதன் 28 ஜோடிகளிலும் குறுக்கேற்றம் இல்லை. மற்ற உயிர்கள் டிப்ளோட்டீனில் கழற்றிப் போடும் சினாப்டோனீமல் ஏணியை அது கழற்றுவதில்லை. தடிக்கச் செய்து, மெட்டாஃபேஸ் வரை ஜோடிக்கு நடுவிலேயே வைத்திருந்து இழுவிசையைத் தாங்க வைக்கிறது. அனாஃபேஸில் குரோமோசோம்கள் துருவங்களுக்கு நகர, அந்தப் புரதத் திரள் நடுத்தளத்திலேயே தங்கிவிடுகிறது. அதே இனத்தின் ஆண் பூச்சியில் குறுக்கேற்றமும் கயாஸ்மாவும் வழக்கம்போல் உண்டு.